இசக்கிசெல்வி பார்த்த வாசல்

கொச்சியில், மட்டாஞ்சேரியை ஒட்டிய கொச்சங்காடிப் பக்கம் குடியிருக்கும் தமிழ்ச் சனங்களிடையே ஒரு பேச்சு இருந்தது. யாருக்காவது உடம்பு தேறாமல் இழுத்துக்கொண்டே கிடந்தால், ஏதாவது காணாமல் போனால், இசக்கிசெல்வியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள் என்பார்கள். அவள் குறி சொல்கிறவள் இல்லை. குறி என்ற சொல்லைக் கேட்டாலே முகம் சுளிப்பாள். பாண்டிகசாலை என்று இங்கே சொல்கிற பழைய கிட்டங்கி ஒன்றில் சுக்குத் தரம் பிரிக்கிற கூலிக்காரி அவள். ஞாயிறும் வெள்ளியும் ஜெபவீட்டுக்குப் போவாள். அங்கே கண்ணை மூடி ஜெபிக்கும்போது சில நேரம் அவளுக்கு ஏதோ தெரியும். அவ்வளவுதான் அவளே சொல்லிக்கொண்டது.

அது முதலில் அவள் கைகளில்தான் தெரியும். சுக்குப் பிரிக்கிற கை எந்நேரமும் எரிந்துகொண்டே இருக்கும். எவ்வளவு சோப்புப் போட்டாலும் போகாது. அந்த எரிச்சல் சட்டென்று நின்று, கிணற்றுத் தண்ணீருக்குள் விட்டதுபோல் கை ஜில்லிட்டுப் போகும். பிறகு மூடிய கண்ணுக்குள் ஒரு படம். அதில் எதுவும் அசையாது. யாரோ ஒரு ஜன்னலைத் திறந்து காட்டிவிட்டு உடனே சாத்தியதுபோல இருக்கும்.

அவள் இதைக் கேட்டு வாங்கவில்லை. கேட்டது வேறு.

சங்கரன்கோவிலுக்குப் பக்கத்து ஊரில் மூன்றாம் வகுப்போடு அவளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பிறகு எதைக் கேட்டாலும் "உனக்கெதுக்கு அது?" என்ற ஒரே பதில்தான். கல்யாணமாகி மட்டாஞ்சேரிக்கு வந்தாள். புருஷன் முத்துராமலிங்கம் கடைத்தெருவில் மூட்டை இறக்குகிறவர். ஒரு மகள் பிறந்து வளர்ந்து, களமசேரியில் கட்டிக்கொடுத்ததும் ஆயிற்று. கூட வேலைசெய்த ஒரு பெண் ஒருநாள் அவளை ஜெபவீட்டுக்கு அழைத்துப் போனாள். அதுவும் ஒரு பழைய கிட்டங்கியின் மாடிதான். மர ஏணிப்படி, பலகையெல்லாம் மிளகு வாசனை. இளம்பிள்ளைகள் தமிழ்ப் பாட்டை மலையாள எழுத்தில் போனில் வைத்துக்கொண்டு பாடினார்கள். அன்றைக்குப் பாஸ்டர் பேசியதில் ஒன்றே ஒன்று அவளைப் பிடித்துக்கொண்டது. ஞானம் குறைவாக இருக்கிறவன் தேவனிடம் கேட்கலாம், அவர் திட்டாமல் கொடுப்பார் என்றார்.

திட்டாமல் கொடுப்பார். அந்த வார்த்தையை வீடுவரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தாள்.

மற்றவர்கள் வீட்டுக்காகவும் பிள்ளைகளுக்காகவும் ஜெபித்தபோது, இசக்கிசெல்வி ஞானத்துக்காக ஜெபித்தாள். வேதத்தை எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகினாள். ஓர் அதிகாரம் முடிக்க ஒரு வாரம் ஆகும். பேரைப் பார்த்துச் சிலர் சிரிப்பார்கள். "இசக்கின்னு பேரை வச்சுக்கிட்டு அல்லேலூயா சொல்றியே" என்பார்கள். "பேர் எங்க அம்மா வச்சது. ஆண்டவரும் என்னை அந்தப் பேர் சொல்லித்தான கூப்பிட்டாரு" என்று முடித்துவிடுவாள்.

ஒரு வெள்ளிக்கிழமைதான் முதல் படம் வந்தது. வெள்ளிதோறும் ஜும்மா தொழுகைக்காகப் பாண்டிகசாலையை மதியம் அடைத்துவிடுவார்கள். அந்த நேரத்தில்தான் பெண்கள் உபவாச ஜெபம் வைத்திருந்தார்கள். பாட்டு நின்று எல்லாரும் முணுமுணுத்துக்கொண்டிருந்தபோது அவள் கை குளிர்ந்தது. ஆளில்லாத ஒரு சமையலறை. அடுப்புக்கு மேலே காற்று நெளிந்தபடியே உறைந்து நின்றது. பக்கத்தில் ஜெபித்துக்கொண்டிருந்தவளின் வீட்டுச் சமையலறை அது. இவள் சொன்னதும் அந்தப் பெண் எழுந்து ஓடினாள். கேஸ் சிலிண்டர் கசிந்து வீடெல்லாம் நிறைந்திருந்தது.

அதற்குப் பிறகு ஆட்கள் அவளைத் தேடி வரிசையில் வர ஆரம்பித்தார்கள். முத்துராமலிங்கம் எந்த ஜெபவீட்டுக்கும் போகாதவர். அவருக்கு இது பெரிய வேடிக்கை.

"ஏளா, அடுத்த சிலிண்டர் எப்ப வரும்னு கொஞ்சம் கண்ணை மூடிப் பாத்துச் சொல்லேன். கம்பெனிக்காரன் போனே எடுக்க மாட்டேங்கான்."

"கேலி பண்ணாதீங்க. சோத்தைத் தின்னுங்க."

"கேலி இல்லளா. உன் சாமிக்கு லைன் கிடைக்குது, எனக்குக் கிடைக்கலியே."

அவளும் சிரித்தாள். உள்ளுக்குள் அவளுக்குப் பெருமையாக இருந்தது. கேட்ட ஞானம் வந்துவிட்டது என்று நினைத்தாள். ஆனால் சொல்லாமல் வைத்துக்கொண்ட படங்களும் இருந்தன. திடமாக நடமாடிக்கொண்டிருந்த ஒருவரின் வீட்டுக் கட்டில் ஒருமுறை தெரிந்தது. அதில் வெள்ளை விரிப்பு, ஒரு சுருக்கமும் இல்லாமல். அந்த மனிதர் மழைக்காலம் முடியுமுன் போய்விட்டார். அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. அவர் வீட்டு வழியே போகும்போது கைகளை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு நடப்பாள்.

ஜெபவீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. அவள் பார்த்ததைச் சொல்வாள், பாஸ்டர் அதற்கு அர்த்தம் சொல்வார். "கர்த்தர் சொல்கிறார்" என்று தொடங்கி ஒரே மூச்சில் முடிப்பார். எல்லாரும் ஆமென் சொல்வார்கள். ஆமென் சொன்ன பிறகு அதற்கு மாறாக எதையும் செய்யக்கூடாது. செய்தால் அவிசுவாசம். பாஸ்டர் நல்ல மனிதர். நாகர்கோவில்காரர். யாருக்கு எந்த நேரம் என்றாலும் பைக்கை எடுத்துக்கொண்டு ஓடி வருவார். இந்த வழக்கத்தில் தப்பு இருக்கும் என்று அவருக்கோ அவளுக்கோ தோன்றியதே இல்லை.

அமுதவள்ளி அங்கே வந்தது ஆடி மாதத்தில். இளம்பெண். பிள்ளைகள் இல்லை. வாய்க்காலை ஒட்டிய லைன் வீடுகளில் கடைசி வீடு. அவள் புருஷன் ரமேஷ்பாபு தேவரா பக்கத்தில் ஒரு படகுப் பட்டறையில் பெயிண்ட் அடிக்கிறவன். ஒரு சாயங்காலம் வேலை முடிந்து கிளம்பினவன் வீட்டுக்கு வரவில்லை. போன் அணைந்துகிடந்தது. போலீஸில் எழுதிக் கொடுத்தாயிற்று, கூட்டாளிகள் தேடியாயிற்று. பக்கத்து வீட்டுக்காரி அவளைக் கையைப் பிடித்து வெள்ளிக்கிழமை ஜெபத்துக்குக் கூட்டிவந்தாள். அவள் சபையில் சேர்வதாகவும் சொல்லவில்லை, தன் சாமியை மறுக்கவும் இல்லை. இசக்கிசெல்விக்கு முன்னால் உட்கார்ந்து, "யக்கா, இருக்காரா இல்லியா, அது மட்டும் சொல்லுங்க" என்றாள்.

இசக்கிசெல்வி கண்ணை மூடினாள். கை உடனே குளிர்ந்தது. வழக்கத்தைவிட வேகமாக, முழங்கை வரைக்கும்.

ஒரு வாசல் தெரிந்தது. தாழ்வான நிலை, தகரக் கதவு. நிலைப்படிக்கு வெளியே ஓர் ஆண் நின்றான். முகம் இருக்க வேண்டிய இடத்தில் முகம் தெரியவில்லை. சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. விரல் நுனிகளில் தண்ணீர் சொட்டாகத் திரண்டிருந்தது. சொட்டு கீழே விழாமல் அப்படியே தொங்கியது. அவனுக்குப் பின்னால் தெரு இருக்க வேண்டும். அங்கே தெரு இல்லை. தண்ணீர்தான் இருந்தது, கரை தெரியாத தண்ணீர்.

அவள் கண்ணைத் திறந்தாள். எதிரே அமுதவள்ளியின் முகம் இருந்தது. அழுது வீங்கி, வாய் லேசாகத் திறந்து, ஒரு பருக்கை சோறாவது விழுமா என்று பார்க்கிற முகம்.

"வாசல்ல நிக்கிறாரு" என்றாள் இசக்கிசெல்வி.

அதற்கு மேல் அவள் பேசவில்லை. பேச இடமும் இல்லை. பாஸ்டர் கையை உயர்த்திவிட்டார். "கர்த்தர் சொல்கிறார், மகளே, உன் புருஷன் உன் வாசலுக்கு வருவான்! சந்தேகப்படாதே!" பலகை அதிர ஆமென் எழுந்தது. அமுதவள்ளியும் சொன்னாள். அவளுக்கு அந்தச் சொல் அன்றுதான் வாயில் வந்தது.

அன்று வீடு திரும்பிய பிறகும் இசக்கிசெல்வியின் கை வெகுநேரம் குளிர்ந்தே இருந்தது. அடுப்புக்குப் பக்கத்தில் நீட்டி வைத்துக்கொண்டாள். சூடு ஏறவில்லை.

சில வாரங்கள் போயின. ஒரு புதன்கிழமை சாயா நேரத்தில் யூசுப் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். பாண்டிகசாலையின் மேற்பார்வைக்காரர், மட்டாஞ்சேரியிலேயே பிறந்தவர். தமிழ்ப் பெண்களோடு பேசிப் பேசி அவருடைய பாஷை இரண்டுக்கும் நடுவில் நின்றுவிட்டது. கேட்பாரற்ற பிணங்களைப் போலீஸிடம் கேட்டு வாங்கி அடக்கம் செய்கிற ஒரு சிறு கூட்டத்தில் அவரும் ஒருவர். அதைப் பற்றி வேலையிடத்தில் பேசவே மாட்டார்.

"செல்வி, ஒரு காரியம் பறயணும். நீ கோபப்படாதே."

"சொல்லுங்க இக்கா."

"தேவரா காயல்ல கிட்டின ஒரு ஆளு. மார்ச்சுவரில கிடக்கான். முகம் வச்சு ஒண்ணும் அறியாது. நகத்துக்குள்ள பச்சை பெயிண்ட். போலீஸ் அந்தப் பொண்ணை ரெண்டு தடவை விளிச்சாங்க. வர மாட்டேன்னு அவ சொல்லிட்டா. அவரு வருவாருன்னு செல்வியக்கா பாத்துச் சொல்லியாச்சு, பிணம் பாக்கப் போனா வர்ற ஆளு வராம போயிடும்னு சொல்றா." அவர் சாயா டம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சனிக்கிழமை எங்க ஆளுக அடக்கணும். பேரில்லாம. அது அவனா இல்லியான்னு எனக்கு அறியாது. நான் உன்னைக் குத்தம் சொல்லல. ஆனா அவ உன் வாக்கைக் கேப்பா, வேற ஆரு வாக்கையும் கேக்க மாட்டா."

இசக்கிசெல்வி பாஸ்டருக்குப் போன் போட்டாள். அவர் குரலில் தயக்கம் ஒரு நொடிதான் இருந்தது. "சிஸ்டர், வார்த்தை வந்தாச்சு, சபை ஆமென் சொல்லியாச்சு. இப்ப போய்ப் பிணத்தைப் பார்னு சொன்னா அந்தப் பிள்ளையோட விசுவாசத்தை நாமே உடைச்ச மாதிரி. ஜெபிங்க. நானும் ஜெபிக்கிறேன்."

முத்துராமலிங்கம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு பீடியைப் பற்றவைக்காமல் வாயில் வைத்திருந்தார். இம்முறை கேலி பண்ணவில்லை.

"ஏளா. நீ என்ன பாத்த?"

"வாசல்ல நின்னாரு."

"நின்னாரு, சரி. என்ன கோலத்துல நின்னாரு?"

அவள் கைகளை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"இத்தனை வருசமா உன் மூஞ்சியைப் பாக்கேன். நீ அன்னைக்கு வந்து அடுப்புகிட்ட கையை நீட்டிக்கிட்டு உக்காந்திருந்தியே. சந்தோசமான சேதி சொல்லிட்டு வந்தவ மூஞ்சியா அது? முழுசா சொல்லல நீ. போ. போய் முழுசா சொல்லு."

வியாழக்கிழமை வேலை விட்டதும் அவள் வாய்க்கால் பக்கம் நடந்தாள். அன்றைக்கு மழை இல்லை. வேலியேற்றமும் இல்லை. காயல் பொங்கிச் சாக்கடை வழியே வீடுகளுக்குள் ஏறுகிற நாட்களில் அந்தச் சந்து கணுக்காலளவு கறுப்புத் தண்ணீரில் நிற்கும். அன்று சந்து காய்ந்து கிடந்தது. தூசி பறந்தது. மற்ற வீட்டுக் கதவுகளெல்லாம் பொழுது சாயுமுன்னே சாத்தியிருந்தன. கடைசி வீட்டுக் கதவு மட்டும் திறந்திருந்தது.

தாழ்வான நிலை, தகரக் கதவு. இசக்கிசெல்வி இதற்கு முன் அந்த வீட்டுக்கு வந்ததே இல்லை.

நிலைப்படிக்கு வெளியே சிமெண்ட் தரையில் ஓர் ஈரம் இருந்தது. இரண்டு பாதம் சேர்த்து வைத்த அகலத்துக்கு. அதைச் சுற்றி எல்லாம் காய்ந்திருந்தது. அவள் அதை மிதிக்காமல் தாண்டி உள்ளே போனாள்.

அமுதவள்ளி பாதியாக இளைத்திருந்தாள். தலை வாரிப் பூ வைத்திருந்தாள். வாசலைப் பார்த்து ஒரு தட்டு போட்டிருந்தது. சோறு, கப்பைக்கிழங்கு, மீன் குழம்பு. பக்கத்தில் தண்ணீர்ச் சொம்பு.

"வாங்கக்கா. இந்த நேரந்தான் வருவாரு. உக்காருங்க."

"யாரு வருவா?"

"அவருதான்." அவள் இயல்பாகச் சொன்னாள், பால்காரன் வருவான் என்பதுபோல. "தினமும் வாறாரு. விளக்குப் போடுற நேரத்துக்கு வந்து வாசல்ல நிப்பாரு. முகம் சரியாத் தெரியாது, வெளிச்சம் பின்னால இருக்கில்ல? நான் கூப்பிடுவேன். உள்ள வரமாட்டாரு."

இசக்கிசெல்வியின் கைகள் எரிந்துகொண்டிருந்தன. அந்த எரிச்சல் நிற்கக் கூடாதே என்று விரல்களை இறுக மடக்கிக்கொண்டாள்.

அமுதவள்ளி அவள் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்து குரலைத் தாழ்த்தினாள். "யக்கா, நான் யோசிச்சுப் பாத்தேன். நீங்க அன்னைக்கு என்ன சொன்னீங்க? வாசல்ல நிக்கிறாருன்னு சொன்னீங்க. உள்ள வாறாருன்னு சொல்லலியே. அதான் அங்கேயே நிக்கிறாரு. உங்க வார்த்தை அவரை அங்க நிறுத்தி வச்சிருக்கு. கோபமா சொல்லலக்கா. இன்னொரு வார்த்தை மட்டும் சொல்லுங்க. உள்ள வான்னு சொல்லுங்க. நீங்க சொன்னா வந்திருவாரு."

வெளியே வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. சந்தின் அந்தக் கோடியில் எவரோ குழாயை அடைத்தார்கள். பிறகு சத்தமே இல்லை. இசக்கிசெல்வி கண்ணை மூடவில்லை. மூடினால் என்ன தெரியும் என்று பயமாக இருந்தது. மூடாமலே ஜெபித்தாள். என்ன சொல்லணும் ஆண்டவரே? பதில் வரவில்லை. இதுவரை அவளுக்கு எல்லாம் உடனுக்குடன் வந்திருக்கிறது. கேட்டு முடிக்குமுன் வந்திருக்கிறது. அப்படி வேகமாக வந்ததெல்லாம் யார் காட்டியது என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை. இப்போதுதான் அந்தக் கேள்வி வந்தது.

ஒரு வார்த்தை போதும். சொல்லிவிட்டால் இந்தப் பிள்ளை இன்று நிம்மதியாகத் தூங்குவாள். சனிக்கிழமை பேரில்லாத ஒருவனை யூசுப்பின் ஆட்கள் மண்ணில் இறக்குவார்கள். இங்கே தட்டில் சோறு விழுந்துகொண்டே இருக்கும். எத்தனை காலம் என்று சொல்ல முடியாது. சரி, உள்ளே வா என்று சொல்லி, அவன் உள்ளே வந்துவிட்டால்? எது உள்ளே வரும்?

மேலிருந்து வருகிற ஞானத்தில் வேஷம் இருக்காது என்று வேதத்தில் எழுத்துக் கூட்டிப் படித்திருந்தாள். அன்றைக்கு அந்த வரி அவளுக்கு லேசாகப் பட்டது. இப்போது அதில் கைவைக்கக்கூட முடியாதபடி கனத்தது.

"அமுதா, நான் பாத்ததை முழுசா சொல்லல" என்றாள். "இப்ப சொல்லுதேன். கேட்டுக்கோ."

சொன்னாள். முகம் இல்லாததை, சட்டை ஒட்டியிருந்ததை, சொட்டு விழாமல் தொங்கியதை, பின்னால் தெருவே இல்லாமல் தண்ணீராக இருந்ததைச் சொன்னாள். குறைக்கவில்லை, கூட்டவில்லை. அமுதவள்ளி அசையாமல் கேட்டாள்.

"ஏன்க்கா அன்னைக்கே சொல்லல?"

"உன் முகத்தைப் பாத்தேன். வாய் வரல. அவங்க ஆமென் சொன்னப்ப, அப்படியே இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

"அப்ப அதுக்கு என்ன அர்த்தம்? செத்துட்டாருன்னு அர்த்தமா?"

"தெரியாது."

"உங்களுக்குத் தெரியும்!" அமுதவள்ளி கத்தினாள். "எல்லாருக்கும் சொல்லுதீங்க! எனக்கு மட்டும் தெரியாதா?"

"தெரியாதும்மா. பாத்தேன். புரியல. வருவாருன்னு நான் சொல்ல மாட்டேன், வரமாட்டாருன்னும் சொல்ல மாட்டேன். மார்ச்சுவரில ஒருத்தர் இருக்காரு. அது அவரான்னு பாத்தாத்தான் தெரியும். காலைல நான் வாறேன் உன்கூட. உனக்கு முன்னால போகமாட்டேன், பின்னால நிக்க மாட்டேன். பக்கத்துல நிப்பேன்."

அமுதவள்ளி வாசலைப் பார்த்தாள். இசக்கிசெல்வி திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் அறையில் இருந்த கொஞ்சநஞ்ச வெளிச்சமும் ஒரு ஆள் அகலத்துக்குக் குறைந்ததை உணர்ந்தாள். ஈரத்துணியின் வாடை வந்தது. அவள் திரும்பாமல் அமுதவள்ளியின் கையைப் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்தாள். பிறகு சந்தின் விளக்கு எரிந்தது. அமுதவள்ளி நீண்ட மூச்சு விட்டு, "போயிட்டாரு" என்றாள்.

வெள்ளிக்கிழமை காலையில் யூசுப் ஆட்டோ கொண்டுவந்தார். மார்ச்சுவரி வராந்தாவில் ஒரு போலீஸ்காரர் பேனாவோடு காத்திருந்தார். இசக்கிசெல்வி சொன்னபடி பக்கத்தில் நின்றாள். துணியை விலக்கியபோது அமுதவள்ளி முகத்தைப் பார்க்கவில்லை. சட்டையைப் பார்த்தாள்.

"அந்தப் பட்டன் ஒண்ணு மட்டும் வேற நிறம்" என்றாள். "நாந்தான் தைச்சேன். சிரிச்சாரு, கல்யாணத்துக்கா போறேன்னு கேட்டாரு."

போலீஸ்காரர் பேர் கேட்டார். அவள் தெளிவாக, சத்தமாகச் சொன்னாள். "ரமேஷ்பாபு."

வெளியே பெஞ்சில் உட்கார்ந்த பிறகுதான் அமுதவள்ளி அவளிடம் பேசினாள். "யக்கா, நீங்க அன்னைக்கே முழுசா சொல்லியிருந்தா நான் உங்களை அடிச்சிருப்பேன்."

"அடிச்சிருக்கலாம்."

"இப்பவும் அடிக்கணும்போல இருக்கு."

"அடி."

அடிக்கவில்லை. இசக்கிசெல்வியின் மணிக்கட்டை நகம் பதியப் பிடித்துக்கொண்டாள். ரமேஷ்பாபுவின் அண்ணன்மார் ஊரிலிருந்து வந்து சேரும்வரை விடவில்லை. அன்று மாலையே அவனை ஆம்புலன்ஸில் ஊருக்குக் கொண்டுபோனார்கள். அவளும் கூடப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை ஜெபவீட்டில் எல்லா மூலையிலும் கிசுகிசுப்பாக இருந்தது. சேதி எல்லாருக்கும் தெரிந்திருந்தது. பாஸ்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "கர்த்தருடைய வார்த்தை வீணாகத் தரையில் விழவில்லை" என்று ஆரம்பித்தார். "ரமேஷ்பாபு அவர் சொந்த ஊர் வாசலுக்கே திரும்பிப் போனார். எப்படிப் போனார் என்பது கர்த்தருடைய சித்தம். சிஸ்டர் வந்து சாட்சி சொல்வார்கள்." மைக்கை அவளிடம் நீட்டினார்.

அவள் மைக்கை வாங்கினாள். மேடையில் பேசிப் பழக்கமில்லாததால் அதை வாயோடு ஒட்டிவைத்தாள். மூச்சுச் சத்தம் அறையெல்லாம் கேட்டது.

"பாஸ்டர் சொல்றது மாதிரி எனக்குத் தெரியல. நான் ஒண்ணு பாத்தேன். பாதியச் சொன்னேன். அதுக்கு என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியாது, தெரிஞ்ச மாதிரி நின்னேன். நீங்கள்லாம் ஆமென் சொன்னப்ப எனக்கு நல்லா இருந்துச்சு. அதனால அந்தப் பிள்ளை செத்துப்போன புருசனுக்குத் தினம் சோறு வச்சுக்கிட்டு இருந்துச்சு. நான் ஆண்டவர்கிட்ட ஞானம் கேட்டேன். இது வந்துச்சு. இதுதான் அதுன்னு நெனச்சுட்டேன். இது எங்கேருந்து வருதுன்னுகூட நான் கேக்கல. இனிமே கேப்பேன். அவ்வளவுதான்."

ஆமென் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. ஒரு கைக்குழந்தை மட்டும் அழுதது. கூட்டம் முடிந்து ஏணிப்படியில் இறங்கும்போது பாஸ்டர் பின்னாலேயே வந்தார்.

"சிஸ்டர், அப்ப நான் இத்தனை நாளா அர்த்தம் சொன்னதெல்லாம்?"

"தெரியல பாஸ்டர். சிலது சரியா இருந்திருக்கும்."

"எது சரின்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

"அதைத்தான் நானும் கேட்டுக்கிட்டு இருக்கேன்" என்றாள்.

அதற்குப் பிறகு அவளைத் தேடி வருகிறவர்கள் குறைந்தார்கள். வருகிறவர்களிடம் அவள் கண்ணை மூடுவதில்லை. என்ன நடந்தது, எங்கே போனீர்கள், டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்பாள். பலபேருக்கு அது ஏமாற்றம். "பவர் போயிடுச்சு" என்று பேசிக்கொண்டார்கள். பவர் போகவில்லை. சுக்குக் குவியலுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும்போதுகூடச் சில நாள் கை குளிரும். அப்போது அவள் வேலையை நிறுத்தி, கண்ணைத் திறந்தபடியே உட்கார்ந்திருப்பாள். யாரிடமிருந்து என்று கேட்பாள். பெரும்பாலும் பதில் இராது. சூடு தானாகத் திரும்பும்வரை காத்திருந்து மறுபடி சுக்கைக் கையில் எடுப்பாள். எப்போதாவது ஓர் ஆஸ்பத்திரி வரிசையில், வேறு யாருக்கோ டோக்கன் வாங்கிக் கொடுத்துவிட்டு நிற்கும்போது, என்ன செய்யவேண்டும் என்பது எந்தப் படமும் இல்லாமல் சாதாரணமாகத் தெரியும். அதில் குளிர் இருக்காது. அதுதான் அவள் முதலில் கேட்டதோ என்னவோ. அதைப் பற்றி யாரிடமும் சாட்சி சொல்லவில்லை. முத்துராமலிங்கத்திடம் மட்டும் சொன்னாள். "அப்ப சிலிண்டர் விஷயம்?" என்றார் அவர். தலையணையை எடுத்து எறிந்தாள்.

மார்கழியில் ஒரு மாலை அமுதவள்ளி ஊரிலிருந்து போன் பண்ணினாள். அங்கே தீப்பெட்டிக் கம்பெனி ஒன்றில் வேலைக்குப் போகிறாளாம். மாமியார் நல்லவளாம். இதையெல்லாம் சொல்லிவிட்டுப் பேச்சை நிறுத்தினாள். வேறு எதற்காகவோ கூப்பிட்டிருக்கிறாள் என்று இசக்கிசெல்விக்குப் புரிந்தது.

"யக்கா, எரிச்சாச்சு, கரைச்சாச்சு, எல்லாம் முடிச்சாச்சு. இப்ப அவரு எங்க இருக்காரு?"

இசக்கிசெல்விக்குப் பதில்கள் தெரியும். ஜெபவீட்டில் சொல்கிற பதில் ஒன்று இருந்தது, ஆறுதலுக்குச் சொல்கிற பதில் ஒன்று இருந்தது. இரண்டையும் அவள் சொல்லவில்லை.

"தெரியலம்மா. அவர் யார் கையில இருந்தாலும் அந்தக் கையை நான் நம்புதேன். எங்கன்னு எனக்குத் தெரியல."

அமுதவள்ளி அழவில்லை. இருவரும் போனைக் காதில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தார்கள். அந்த அமைதியில் ஒரு சத்தம் வந்தது. சீராக, மெதுவாக, ஏறி இறங்குகிற சத்தம்.

"யக்கா, யாரோ மூச்சு விடுற மாதிரி உங்களுக்குக் கேக்குதா?"

"கேக்குது."

"நீங்களா?"

"நான் இல்ல."

"நானும் இல்லக்கா. யாரு அது?"

"தெரியாது அமுதா."

"உங்களுக்குப் பயமா இருக்கா?"

"இருக்கு" என்றாள் இசக்கிசெல்வி. "நீ போனை வைக்காத. நான் இங்கதான் இருக்கேன்."